பேரேட்டை அவர்கள் பக்கம் திருப்புங்கள்

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பின் தலைவருக்கும் வாரிய உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஈரோட்டில் வருமான வரிப் படிவம் தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். மஞ்சள் மண்டி, ஜவுளிக் கடை, விசைத்தறிக் கூடம் என்று இருப்பவர்கள்தான் நெடுங்காலமாக என்னிடம் வருபவர்கள். கொரோனாவுக்குப் பிறகு ஒரு புதுக் கூட்டம் சேர்ந்திருக்கிறது. எல்லோரும் இருபத்தைந்திலிருந்து முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் சம்பளக்காரர்கள். ஐ.டி.ஆர்-1 படிவத்தில் சில நிமிடங்களில் முடிந்திருக்க வேண்டிய வேலை, அவர்கள் நிஃப்டி ஆப்ஷன்களை, அதாவது பங்குக் குறியீடு ஏறுமா இறங்குமா என்று கணித்துப் பணம் போடும் ஒப்பந்தங்களை, வாங்கி விற்றதால் ஐ.டி.ஆர்-3 படிவத்துக்குப் போய்விடுகிறது. எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸ்) எனப்படும் இந்த வணிகத்தின் வருமானம் சட்டப்படி தொழில் வருமானம். லாபமானாலும் நஷ்டமானாலும் கணக்குக் காட்டியாக வேண்டும். அதனால் ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் அவர்களுடைய முழு ஆண்டுக் கணக்கும் என் மேசைக்கு வருகிறது. அவர்களில் பலர் அதை முதன்முதலாகப் பார்ப்பதும் என் மேசையில்தான்.

கணக்குக் கோப்பைத் திறப்பதற்கு முன் நான் ஒரு கேள்வி கேட்பேன். "இந்த வருடம் லாபமா, நஷ்டமா? தோராயமாக எவ்வளவு இருக்கும்?" படிவத்துக்கு அது தேவையில்லை. என் அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு வந்த ஒரு தம்பியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அவர் சம்மதித்ததால் சொல்கிறேன். சாயப்பட்டறை ஒன்றில் மேற்பார்வையாளர். மாதச் சம்பளம் 24,000 ரூபாய். வீட்டுக் கடனுக்கு வரிப் படிவம் கேட்டார்கள் என்று வந்திருந்தார். என் கேள்விக்குக் கொஞ்சமும் தயங்காமல் பதில் சொன்னார்: "சின்ன லாபம்தான் அண்ணா. நாற்பது, ஐம்பதாயிரம் இருக்கும்." சொல்லிவிட்டுச் செல்பேசியை எடுத்து ஒரு ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினார். ஒப்பந்தம் முடியும் எக்ஸ்பைரி நாள் ஒன்றில், பதினோரு நிமிடத்தில், 38,000 ரூபாய் லாபம். பச்சை எழுத்தில் பளிச்சென்று இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் விரலால் தள்ளினார். இருபதுக்கும் மேற்பட்ட படங்கள், அத்தனையும் பச்சை.

தரகு நிறுவனத்தின் தளத்திலிருந்து ஆண்டுக் கணக்கை இறக்கித் திறந்தேன். 143 நாட்கள் வணிகம் செய்திருந்தார். அதில் 81 நாட்கள் லாபம், 62 நாட்கள் நஷ்டம். ஆக, நஷ்டப்பட்ட நாட்களைவிட லாபம் பார்த்த நாட்கள் அதிகம் என்று அவர் நினைத்தது உண்மைதான். ஆனால் 81 நாட்களில் வந்தது சுமார் 1,70,000 ரூபாய். 62 நாட்களில் போனது சுமார் 3,97,000 ரூபாய். லாபம் வந்தால் கைக்கு எட்டியதே போதும் என்று உடனே விற்றிருக்கிறார். நஷ்டம் வந்தால் திரும்பி வரும் என்று காத்திருந்திருக்கிறார். இதற்கு மேல் தரகு, பரிவர்த்தனை வரி, ஜி.எஸ்.டி., முத்திரைத் தீர்வை என்று 61,000 ரூபாய். எல்லாம் போக நிகர நஷ்டம் 2,88,000 ரூபாய்.

அவர் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "வேறு யாருடைய கணக்கையாவது திறந்துவிட்டீர்களா அண்ணா?" என்று கேட்டார். மேலே இருந்த பெயரையும் பான் எண்ணையும் காட்டினேன். தன் பான் அட்டையை எடுத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டார். அதன் பிறகு நெடுநேரம் பேசவில்லை. பன்னிரண்டு மாதம் சாய நெடியில் நின்று சம்பாதித்தது முழுவதும் அந்தக் கடைசி வரியில் இருந்தது.

அவர் என்னிடம் பொய் சொல்லவில்லை. இதை நீங்கள் அழுத்தமாகக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் நினைவில் இருந்தது நாற்பதாயிரம் லாபம். பெரிய லாபம் ஒரு நாளில், ஒரு கணத்தில் வந்தது. அதைப் படமெடுத்து வைத்தார், நண்பர்களுக்கு அனுப்பினார், அன்று இரவு வீட்டுக்குப் பிரியாணி வாங்கிப் போனார். நஷ்டமோ இன்று இரண்டாயிரம், நாளை ஏழாயிரம் என்று கசிந்து போனது. லாபம் வந்த நாளில் "நான் சரியாகக் கணித்தேன்." நஷ்டம் வந்த நாளில் "ஆபரேட்டர்கள் வேண்டுமென்றே இறக்கிவிட்டார்கள்", "ஸ்டாப் லாஸை (நஷ்டத்தை நிறுத்த நான் வைத்த விலையை) அடித்துவிட்டு ஏற்றிவிட்டார்கள்." இப்படி நினைவு வைத்துக்கொண்டால் எந்த மனிதனுக்கும் தன் திறமை பெரிதாகத்தான் தெரியும். என்னிடம் வருபவர்களில் பொறியாளர் இருக்கிறார், கணக்கு ஆசிரியர் இருக்கிறார், வங்கி ஊழியர் இருக்கிறார். படிப்பு இதில் பெரிதாகக் கை கொடுக்கவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது எல்லோருக்கும் பொது.

இனி உங்களிடம் வருகிறேன். இந்த நாட்டில் எஃப் அண்ட் ஓ வணிகத்தின் உண்மை நிலவரத்தை ஊருக்குச் சொன்னவர்கள் நீங்கள். 2021-22 நிதியாண்டில் இதில் இறங்கிய தனிநபர்களில் 89 சதவீதம் பேருக்கு நஷ்டம் என்று 2023 ஜனவரியில் வெளியிட்டீர்கள். 2024 செப்டம்பரில் மூன்று ஆண்டுக் கணக்கை எடுத்து, 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் போயிருக்கிறது என்று சொன்னீர்கள். அந்த மூன்று ஆண்டில் கட்டணம் போக ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் வெறும் 1 சதவீதம். 2024-25 கணக்கிலும் 91 சதவீதம் பேருக்கு நஷ்டம்; தொகை சுமார் 1.05 லட்சம் கோடி. எதிர்ப்பக்கத்தில் லாபம் பார்த்த பெரிய நிறுவனங்களின் லாபம் ஏறக்குறைய முழுவதும், கணினி தானாக வாங்கி விற்கும் அல்காரிதம் வழியாக வந்தது என்பதையும் நீங்கள்தான் சொன்னீர்கள். இதையெல்லாம் மறைக்காமல் வெளியிட்டதற்கு, இந்தக் கணக்குகளை ஆண்டுதோறும் கையால் தொடுகிறவன் என்ற முறையில் மனதார நன்றி சொல்கிறேன்.

2023 ஜூலை 1 முதல் தரகு நிறுவனங்கள் ஓர் எச்சரிக்கையைக் காட்ட வேண்டும் என்றும் விதித்தீர்கள். கணக்கில் நுழையும்போது அது திரையில் எழும். 10 பேரில் 9 பேருக்கு நிகர நஷ்டம், நஷ்டப்பட்டவர்களின் சராசரி நஷ்டம் 50,000 ரூபாய்க்கு அருகில், அதற்கு மேல் கட்டணச் செலவு அந்த நஷ்டத்தில் 28 சதவீதம் என்று அதில் இருக்கிறது. படித்தேன் என்று ஒப்புக்கொண்டால்தான் மேலே போகலாம்.

அந்தத் தம்பியிடம் இதைக் கேட்டேன். "தினமும் வரும் அண்ணா. அழுத்திவிட்டுப் போய்விடுவேன்" என்றார். "அதில் என்ன இருக்கிறது என்று தெரியுமா?" "தெரியும். பத்தில் ஒன்பது பேர் தோற்பார்கள்." "நீங்கள்?" "நான் படித்துவிட்டுத்தானே இறங்கினேன்."

எச்சரிக்கை அவருக்குப் புரியாமல் இல்லை. நன்றாகப் புரிந்திருக்கிறது. ஆனால் அது மற்றவர்களைப் பற்றிய செய்தியாகப் போய்விட்டது. ஒன்பது பேர் தோற்பார்கள் என்று படிக்கும் பத்துப் பேரும் தங்களைப் பத்தாவது ஆளாக எண்ணிக்கொள்கிறார்கள். சில வேளை அந்த வாசகம் எதிர்விளைவும் தருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்பது பேர் தோற்கும் இடத்தில் நிற்கிறோம் என்பதே ஒரு பெருமையாகிவிடுகிறது.

இது நம் ஊர் இளைஞர்களுக்கு மட்டும் உள்ள குறை இல்லை. 1981-இல் ஓலா ஸ்வென்சன் என்ற உளவியலாளர் வாகனம் ஓட்டுபவர்களிடம் அவர்களுடைய ஓட்டும் திறமையைக் கேட்டார். அமெரிக்கக் குழுவில் 93 சதவீதம் பேர் தங்களை மேல் பாதியில் வைத்துக்கொண்டார்கள். எலன் லாங்கர் 1975-இல் வெளியிட்ட சோதனை இன்னும் நெருக்கமானது. ஒரு டாலர் லாட்டரிச் சீட்டைச் சிலருக்குக் கையில் கொடுத்தார். சிலரைத் தாங்களே பொறுக்கி எடுக்கச் சொன்னார். பிறகு விலைக்குக் கேட்டபோது, கொடுக்கப்பட்டவர்கள் சராசரியாக 1.96 டாலர் கேட்டார்கள். தானே பொறுக்கியவர்கள் 8.67 டாலர் கேட்டார்கள். தன் கை பட்டதும் சீட்டுக்குத் திறமை ஏறிவிட்டது. ஸ்ட்ரைக் எனப்படும் ஒப்பந்த விலையைத் தானே பொறுக்கி, ஏறும் என்று கால் வாங்குவதா இறங்கும் என்று புட் வாங்குவதா என்று தானே முடிவு செய்து, வரைபடத்தில் தானே நான்கு கோடு போட்டுவிட்டு வாங்கும் ஆப்ஷனில் இந்த மயக்கம் எத்தனை மடங்கு இருக்கும்! தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டை 2003-இல் தடை செய்தபோது அது சூதாட்டம் என்று வாங்கியவருக்கும் தெரிந்திருந்தது. இங்கே வாங்குபவர் தான் ஒரு தொழில் கற்றுக்கொண்டிருப்பதாக நம்புகிறார்.

ஆனால் உங்களிடம் குறிப்பாகச் சொல்ல விரும்பும் ஆய்வு வேறு. ஜெர்மனியில் மார்கஸ் கிளேசர், மார்ட்டின் வெபர் என்ற இருவர் 2007-இல் வெளியிட்டது. இணையம் வழியே பங்கு வணிகம் செய்பவர்களிடம், கடந்த ஆண்டுகளில் நீங்கள் எவ்வளவு ஈட்டினீர்கள் என்று கேட்டு, பதிலைத் தரகரிடம் இருந்த உண்மையான கணக்கோடு ஒப்பிட்டார்கள். சொன்னதற்கும் நடந்ததற்கும் தொடர்பே காணப்படவில்லை. நினைவில் இருந்த எண்ணும் பேரேட்டில் இருந்த எண்ணும் வெவ்வேறு மனிதர்களுடையவை போல இருந்தன. அனுபவம் இல்லாதவர்கள் ஏன் கற்றுக்கொள்வதில்லை என்பதற்கு அவர்கள் கண்ட காரணம் இதுதான்: தாங்கள் எப்படி ஆடினோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. இதைப் படித்தபோது என் ஜூலை மாத மேசையை யாரோ எட்டிப் பார்த்து எழுதியதுபோல இருந்தது. தொடர்ந்து இரண்டு ஆண்டு நஷ்டப்பட்டவர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் மீண்டும் வணிகத்தைத் தொடர்ந்தார்கள் என்று உங்கள் 2024 அறிக்கை சொல்கிறதே, அவர்களை நான் பேராசைக்காரர்கள் என்று நினைக்கவில்லை. அவர்களில் பலருக்குத் தாங்கள் அந்தக் கணக்கில் இருக்கிறோம் என்பதே தெரிந்திருக்காது.

இப்போது என் அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். அவர் மஞ்சள் மண்டி ஒன்றில் கணக்கெழுதினார். நாள்வழியில் பதிந்ததைப் பேரேட்டில் ஏற்றி, இருப்புக் கட்டிய பிறகுதான் மாலையில் எழுந்திருப்பார். முதலாளியின் மகன் இருபத்திரண்டு வயதில் கல்லாவுக்கு வந்தார். கெட்டிக்காரர், வேகமானவர். ஏலத்தில் நல்ல விலை கிடைத்த நாளெல்லாம் கடை கொழிக்கிறது என்றுதான் சொல்வார். அப்பா வாதம் செய்ய மாட்டார். "இன்று எவ்வளவு நின்றிருக்கும் என்று நினைக்கிறீர்கள் தம்பி?" என்று கேட்பார். அவர் ஓர் எண் சொல்வார். அப்பா பேரேட்டை அப்படியே அவர் பக்கம் திருப்பி வைப்பார். வண்டி வாடகை, கூலி, சாக்கு, எடைக் குறைவு எல்லாம் கழிந்து கடைசி வரியில் நிற்கும் தொகையில் விரலை வைப்பார். அவ்வளவுதான். முதல் ஆண்டில் சொன்னதற்கும் இருந்ததற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்று அப்பா சொல்வார். இரண்டு மூன்று ஆண்டில் அந்த மகன் புத்தகத்தைப் பார்க்காமலே நூறு இருநூறுக்குள் சொல்லத் தொடங்கிவிட்டார். யாரும் அவருக்கு எச்சரிக்கை வாசகம் எழுதி மாட்டவில்லை. தன் கணிப்பையும் தன் கணக்கையும் அன்றன்றைக்கு அருகருகே வைத்துப் பார்த்தார், அதனால் கணிப்பு நேரானது.

வானிலைத் துறையில் இதற்குச் சான்று இருக்கிறது. 1970-களில் ஆலன் மர்ஃபி, ராபர்ட் விங்க்லர் என்ற இருவர் அமெரிக்க வானிலை அறிவிப்பாளர்களின் கணிப்புகளைத் திரட்டிப் பார்த்தார்கள். மழைக்கு 70 சதவீத வாய்ப்பு என்று சொன்ன நாட்களையெல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய அதே விகிதத்தில் மழை பெய்திருந்தது. அவர்களுக்கும் நம்மைப் போன்ற மனம்தான். ஆனால் நேற்றுச் சொன்னது சரியா தவறா என்று இன்று காலை வானம் சொல்லிவிடுகிறது; நாள் தவறாமல் சொல்கிறது.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். அந்த எச்சரிக்கைத் திரையில் நாட்டின் கணக்குக்குப் பதிலாக, அல்லது குறைந்தபட்சம் அதற்கு மேலே, உள்ளே நுழையும் அந்த ஒருவருடைய கணக்கைப் போடுங்கள். அவர் எஃப் அண்ட் ஓ தொடங்கிய நாளிலிருந்து நேற்றுவரை, எல்லாக் கட்டணமும் வரியும் கழித்து, நிகரமாக வந்தது அல்லது போனது எத்தனை ரூபாய் என்ற ஒரே ஓர் எண். சதவீதம் வேண்டாம், வரைபடம் வேண்டாம். அவர் சம்பளம் எந்த அளவில் வருகிறதோ அதே ரூபாயில் இருக்கட்டும். மாதத்துக்கு ஒரு முறையாவது, அந்த எண்ணைக் காட்டுவதற்கு முன் "உங்கள் நிகர லாபம் அல்லது நஷ்டம் எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டு ஒரு கட்டத்தை நிரப்பச் சொல்லுங்கள். பிறகு அவர் சொன்னதும் உண்மையானதும் பக்கத்தில் பக்கத்தில் தெரியட்டும். இந்த இரண்டாவது பகுதியை விட்டுவிடாதீர்கள். வெறும் எண்ணை அழுத்திவிட்டுப் போய்விடலாம். தான் சொன்ன எண்ணுக்கு அருகில் நிற்கும் எண்ணை அப்படிக் கடந்துபோவது கடினம். என் மேசையில் அதைத்தான் பார்க்கிறேன்.

இதற்குப் புதிதாக எதையும் திரட்ட வேண்டியதில்லை. பெரிய தரகு நிறுவனங்கள் வாடிக்கையாளர்களின் லாப நஷ்டக் கணக்கைத் தொடர்ந்து பராமரிக்க வேண்டும் என்று அதே 2023 சுற்றறிக்கையில் நீங்கள் விதித்திருக்கிறீர்கள். எண் இருக்கிறது. தரகர்கள் பக்கம் பார்த்தபடி இருக்கிறது. அதை வாடிக்கையாளர்கள் பக்கம் திருப்ப வேண்டும். இரண்டு மூன்று தரகர்களிடம் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு மொத்தத்தையும் சேர்த்துக் காட்டுவதும் முடியாத காரியம் இல்லை. 2024 அறிக்கையில் 1.13 கோடி தனிநபர்கள் என்று ஆள் ஆளாகப் பிரித்து எண்ணிய உங்களால் ஓர் ஆளின் கணக்குகளை ஒன்றாகச் சேர்க்கவும் முடியும். ஓரிடத்தில் தோற்றதும் இன்னொரு செயலியில் புதிதாகத் தொடங்கிப் பழைய நஷ்டத்தை மறந்துவிடுவதை நான் நிறையப் பார்க்கிறேன். இன்னொன்று, அது தமிழில் வர வேண்டும். என்னிடம் வந்தவர்கள் காட்டிய செல்பேசிகளில் எல்லாம் எச்சரிக்கை ஆங்கிலத்தில்தான் இருந்தது. எஃப் அண்ட் ஓ செய்பவர்களில் 72 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் முதல் 30 நகரங்களுக்கு வெளியே இருப்பவர்கள் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

லாபத்தில் இருப்பவருக்கு இது இன்னும் துணிச்சல் கொடுக்காதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடியன் இருவரும் தொலைபேசியிலிருந்து இணையத்துக்கு மாறிய 1,607 முதலீட்டாளர்களைப் பின்தொடர்ந்தார்கள். மாறுவதற்கு முன்பு அவர்கள் சந்தையை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் முந்தியவர்கள். அந்த வெற்றி தந்த தெம்பில் மாறி, அடிக்கடி வாங்கி விற்று, பிறகு 3 சதவீதத்துக்கு மேல் பின்தங்கினார்கள். ஆகவே லாபத்தில் இருப்பவருக்குக் கூடுதலாக ஒரு வரி வேண்டும்: இதே பணத்தை இதே காலத்தில் நிஃப்டி பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் குறியீட்டு நிதியில் போட்டிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று. ஏறும் சந்தையில் எல்லோரும் கெட்டிக்காரர்களாகத் தெரிகிற காலத்தில் அந்த ஒரு வரிக்கு நிறைய வேலை இருக்கும்.

தரகு நிறுவனங்கள் எதிர்ப்பார்கள். ஒவ்வோர் ஆர்டருக்கும் கட்டணம் வாங்குபவர்கள் வேறு எப்படிச் சொல்வார்கள்? தனிநபர்கள் மூன்றாண்டில் கட்டணமாக மட்டும் சுமார் 50,000 கோடி ரூபாய் கொடுத்திருக்கிறார்கள் என்பது உங்கள் அறிக்கையில் இருப்பதுதான். இது பயமுறுத்துவது என்று அவர்கள் வாதிட்டால், ஒருவருடைய சொந்தக் கணக்கை அவருக்கே காட்டுவதில் என்ன பயமுறுத்தல் இருக்கிறது என்று கேளுங்கள்.

2024 அக்டோபரில் ஓர் ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச அளவை உயர்த்தினீர்கள், வாராந்திர எக்ஸ்பைரிகளைக் குறைத்தீர்கள். அவை தேவைதான். ஆனால் வேலியை உயர்த்தினால், தன்னால் தாண்ட முடியும் என்று நம்புபவன் கடன் வாங்கி ஏணி கொண்டுவருகிறான். அந்தத் தம்பி மனைவியின் நகையை அடகு வைத்தது ஒப்பந்த அளவு உயர்ந்த பிறகுதான்.

அன்று அவர் போவதற்கு முன் ஒன்று கேட்டார். முழு அறிக்கை வேண்டாம், அந்தக் கடைசி வரியை மட்டும் ஒரு தாளில் பிரிண்ட் எடுத்துத் தர முடியுமா என்றார். எடுத்துக் கொடுத்தேன். நான்காக மடித்துச் செல்பேசி உறைக்குள், திரைக்குப் பின்புறம் வைத்துக்கொண்டார். "இது முன்னாலேயே தெரிந்திருந்தால் தீபாவளிக்குள் நிறுத்தியிருப்பேன் அண்ணா" என்றார்.

அவர் அந்த எண்ணைப் பார்க்க ஜூலை வரை, என் மேசை வரை வர வேண்டியிருந்தது. வரும் ஏப்ரல் 1-இல் புதிய நிதியாண்டு தொடங்கும்போது, காலை 9.15-க்குச் சந்தை திறக்கும் முன், அது அவர் கையில் இருக்கும் திரையிலேயே இருக்கும்படி செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஈரோட்டிலிருந்து ஒரு வரிக் கணக்காளர்